லிண்ட்ஸி ஹாலின் ஈரச்சுவர்

பெரம்பூரில் ராக் இசை வளர்ந்த கதையைக் கேட்டுச் சிரிப்பவர்களை யுஜின் பெரெய்ராவுக்குப் பிடிக்கும். அவன் வழிகாட்டும் ஞாயிறு நடையில் சிரித்தவர்கள்தான் கடைசித் தெரு வரைக்கும் கூடவே நடந்து வருவார்கள். எடுத்த எடுப்பிலேயே பக்தியோடு தலையாட்டுகிறவர்கள் பாதி வழியில் கால் வலிக்கிறது என்று மெட்ரோ ஏறிவிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை சிரிப்பவர்கள் யாருமில்லை. எதற்காக வந்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பழைய நடன மண்டபமான லிண்ட்ஸி ஹாலில் மிச்சமிருக்கும் கடைசிச் சுவர்த் துண்டில் பதிந்த சத்தத்தை இன்றைக்குத்தான் கருவி வைத்துக் கேட்கப் போகிறார்கள். பெங்களூரிலிருந்து ரயிலேறி வந்த ஒரு கூட்டம், கறுப்பு பனியன் போட்ட நடுவயதுக்காரர்கள், பிரெஞ்சு பேசும் ஒரு தம்பதி, கையில் துணிப்பையோடு தனியாக வந்த ஓர் அம்மாள். அந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். ராக் கேட்கிற முகமாக யுஜினுக்குத் தோன்றவில்லை. யாருக்காவது துணைக்கு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

முதல் நிறுத்தம் ஒரு வீட்டின் கார் கொட்டகை. அதன் முன்னால் நின்று அவன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்.

"இங்கதான் 'தி ஷன்ட்டர்ஸ்' ப்ராக்டிஸ் பண்ணுவாங்க. நாலு பேரும் ரயில்வே பட்டறையில வேலை கத்துக்கிட்டிருந்த பசங்க. பகல்ல இன்ஜின் சத்தம், சாயங்காலம் டிரம்ஸ் சத்தம். அக்கம்பக்கத்துல யாருக்கும் தூக்கம் கிடையாது. லீட் கிடார் கிளைவ் பெரெய்ரா." ஒரு சின்ன இடைவெளி விட்டான். "எங்கப்பா. நான் பார்த்ததில்ல. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு மாதிரி அமைதியாகிவிடுவார்கள். அது யுஜினுக்குப் பழகிப்போன அமைதி. தொழிலில் அதற்கும் ஒரு பயன் இருந்தது என்பதை அவன் மறைத்ததில்லை.

பின்னால், கருவியை இயக்குகிற ரெஹானா சக்கரம் வைத்த ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள்தான் கருவி இருந்தது. இந்த நடையை நடத்தும் நிறுவனம் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தது. ரெஹானாவும் யுஜினும் அதைக் 'காது' என்று கூப்பிட்டார்கள். கறுப்பு பனியன்காரர்களில் ஒருவருக்கு அதன்மேலேயே கண்.

"ஏங்க, இது கேட்டு முடிச்சதும் சுவர் போயிடும்னு சொல்றாங்களே, நிஜமா?"

"ஆமா சார்," என்றாள் ரெஹானா. "சுண்ணாம்பு காத்துல இருக்கற கரியமிலவாயுவ இழுத்து இழுத்துதான் கல்லாகுது. அப்படி இறுகற நேரத்துல ரூம்ல என்ன சத்தம் வந்தாலும் அந்த அதிர்வு உள்ளேயே நின்னுடும். இது ஒளியால அத மயிரிழை மயிரிழையா சுட்டுப் படிக்கும். படிச்ச இடம் பொடியாக் கொட்டிடும்."

"அதான் ரெக்கார்டிங் இருக்குமே. அப்புறம் சுவர் எதுக்கு?"

"ரெக்கார்டிங் ஒண்ணுதான் இருக்கும். மேடைச் சத்தம் பெரிசு, அது ஆழமாப் பதிஞ்சிருக்கும். ஜனங்க பேசறது மேலாப்ல மெல்லிசா இருக்கும். ஆழத்துக்குப் போனா மேல இருக்கறது பொடியாயிடும். மேலாப்ல எடுத்தா அந்தச் சூட்டுல அடியில இருக்கறது வெடிச்சுப் போயிடும். பாட்டா, பேச்சான்னு முதல்லயே முடிவு பண்ணிக்கணும். நடுவுல மாத்தினா மொத்தமும் உதிர்ந்துடும். வேப்பேரியில ஒருதடவ அப்படிப் போச்சு."

"பேச்சு எடுத்திருக்கீங்களா?"

"இல்ல சார். எல்லா இடத்துலயும் பாட்டுதான். கம்பெனி முடிவு. செத்துப்போன யாரோ என்ன பேசினாங்கன்னு கேக்க டிக்கெட் எடுத்து யார் வருவாங்க?"

துணிப்பை அம்மாள் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார். "அப்ப பேச்சும் அதுல இருக்குமாம்மா?"

"இருக்கும்மா. சுவருக்குப் பாட்டு வேற பேச்சு வேறன்னு தெரியாதே."

அம்மாள் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

நடந்துகொண்டே யுஜின் மற்ற கதையையும் சொன்னான். நகரத்தில் எத்தனையோ ஹால்கள் இருந்தும் பெரம்பூர்ச் சுவர்கள் மட்டும் ஏன் இவ்வளவு பேசுகின்றன என்றால், அதற்குக் காரணம் ஒரு சோம்பேறித்தனம்தான். லிண்ட்ஸி ஹாலுக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்பே வெள்ளையடிக்க வேண்டும். ஒரு வருடமும் அடித்ததில்லை. டிசம்பர் கடைசி நாள் காலையில்தான் ஆட்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அன்று ராத்திரி புதுவருட நடனம் நடக்கும்போது சுவர் ஈரமாகவே இருக்கும். யாருடைய கோட்டின் முதுகில் வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அவன் ஆடாமல் சுவரோரம் நின்றவன் என்று அடுத்த நாள் மாதா கோயில் பூசையில் கேலி செய்வார்கள். வருடத்துக்கு ஒரு பூச்சு, பூச்சுக்கு ஒரு ராத்திரி.

போன இரண்டு வருடத்தில் அந்தப் பூச்சுகளை ஒவ்வொன்றாக உரித்துக் கேட்டுவிட்டார்கள். யுஜின் அவற்றில் அப்பாவின் கிடாரைக் கேட்டிருக்கிறான். குரலைக் கேட்டதில்லை. கிளைவ் பெரெய்ரா மேடையில் பாடியது ஒரே ஒரு பாட்டு, அதுவும் ஐம்பத்து மூன்று வருடத்துக்கு முன், எண்பத்தேழாம் வருடத்துக் கடைசி ராத்திரியில். அந்த ராத்திரியின் பூச்சு மற்ற சுவர்களில் மழைத்தண்ணீர் இறங்கிப் போய்விட்டது. மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் பிறகு ஓர் அறிவிப்புப் பலகை அடித்திருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு கதவகலத்துக்கு மட்டும் அது அப்படியே இருந்தது. அந்தத் துண்டுக்காகத்தான் யுஜின் வங்கி வேலையை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தான். இதை அவன் வந்தவர்களிடம் சொல்வதில்லை.

இரண்டாவது நிறுத்தம் ஒரு பேக்கரி. அங்கே பன் கடித்தபடி எல்லோரும் நிற்கும்போதுதான் விபத்தைச் சொல்வது வழக்கம். ஹாலுக்குள் வைத்துச் சொல்ல அவனால் முடிந்ததில்லை.

"அந்த ஹால்ல ஒரு வழக்கம் இருந்தது. பன்னெண்டு அடிக்கும்போது மெயின அணைச்சுடுவாங்க. ஹாலே இருட்டாயிடும். அந்த வருஷம் கடைசியாக் கல்யாணம் ஆன பொண்ணு ஸ்விட்ச் பக்கத்துல நிக்கும். எல்லாரும் ஹேப்பி நியூ இயர்னு கத்தின உடனே அந்தப் பொண்ணு ஹால் லைட்டப் போடும். புது வருஷத்த அவதான் கொண்டுவரணும். அந்த வருஷம் எங்கம்மா. மேடைக்குத் தனி மெயின், அதுவும் அதே இடத்துல. அதப் போட வேண்டியவர் சவுண்ட் சர்வீஸ் சூசைநாதன். அன்னிக்கு மைக்ல கரண்ட் கசிவு இருந்துச்சு. வாய் வச்சா உதட்டுல சுருக்குன்னுது. எர்த் சரியா இல்ல. சரிபண்ணாமலே அவர் மேடை மெயினப் போட்டுட்டாரு. அப்பா ஒரு கையில கிடார், ஒரு கையில மைக். அலட்சியம். ஒரே ஒருத்தரோட அலட்சியம்."

"அலட்சியம்னு நீங்க பார்த்தீங்களா தம்பி?"

துணிப்பை அம்மாள்தான். குரலில் கோபமில்லை. அதனாலேயே யுஜினுக்குச் சுருக்கென்றது.

"போலீஸ்ல அவரே ஒத்துக்கிட்டாரும்மா. நான்தான் போட்டேன்னு."

"தெரியும். நான் அவர் பொண்ணு. அமலோற்பவம்."

பன் மெல்லுகிறவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். யுஜினுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறான். அதற்கு ஒரு மகள் இருப்பாள், அவள் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. மன்னிப்புக் கேட்பதா, விரட்டுவதா? "ஹாலுக்குப் போலாம்," என்று மட்டும் சொன்னான்.

ஹாலுக்குள் கூட்டம் அங்குமிங்கும் படமெடுத்துக்கொண்டிருக்க, ரெஹானா அறிவிப்புப் பலகையைக் கழற்றினாள். பலகைக்கு அடியில் வெள்ளை லேசாக மஞ்சளித்திருந்தது. அமலோற்பவம் அதன் அருகில் வந்து நின்றார். தொடவில்லை.

"ஜோலார்பேட்டையிலேர்ந்து வரேன் தம்பி. அங்க மாவு மில் வச்சிருக்கோம். இங்க எங்க கடைய அடிச்சு நொறுக்கினதும் அங்க போனோம். எனக்கு அப்ப சின்ன வயசு. கோயில்ல எங்க பெஞ்சுல யாரும் உக்கார மாட்டாங்க, அது மட்டும் ஞாபகம் இருக்கு. அப்பா அதுக்கப்புறம் ஒயர் தொட்டதில்ல. மில்லு மோட்டாரக்கூட எங்கம்மாதான் போடுவாங்க."

"அப்படின்னா அவருக்கே மனசு உறுத்தியிருக்கு," என்றான் யுஜின். சொன்ன பிறகு அது கொடூரமாகப் பட்டது.

"இருக்கலாம். ஆனா வீட்டுல நான் இஸ்திரிப் பெட்டி பிளக்க சொருகினா செருப்புப் போட்டிருக்கியான்னு அடுத்த ரூம்லேர்ந்து கத்துவாரு. அப்படிப்பட்ட மனுஷன் எர்த் கட்டாம மெயினப் போடுவாரா? கேட்டா பதில் கிடையாது. போன வருஷம் செத்தும் போயிட்டாரு. அவரு நல்லவருன்னு நிரூபிக்க நான் வரல. அவருதான் போட்டாருன்னா அதையும் கேட்டுட்டுப் போயிடறேன். தெரியாம இருக்கறதுதான் முடியல. இன்னிக்கு ஒருநாள் பேச்ச எடுங்க தம்பி."

யுஜின் ரெஹானாவைப் பார்த்தான். "பாதி பாதியா எடுக்க முடியாதா?"

"முடியாது சார். ஓரத்துலேர்ந்து நடுவுக்குத்தான் காஞ்சிருக்கு. ஓரம் சாயங்காலம்னா நடு நள்ளிரவு. மொத்தமும் சேர்ந்துதான் ஒரு ராத்திரி. இதுதான் கடைசித் துண்டு, உங்களுக்கே தெரியும்."

தெரியும். அது அவனுக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டில் அம்மா காத்துக்கொண்டிருப்பார். எழுபத்தைந்து வயதில் இன்றைக்குத் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு, அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்று கேட்பதற்காக உட்கார்ந்திருக்கிறார். ஹாலுக்கு வரச் சொன்னால் மட்டும் மாட்டார். அந்த வாசலை அவர் பிறகு மிதித்ததே இல்லை.

பாட்டைக் கேட்டால் அப்பாவுக்கு ஒரு குரல் கிடைக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆள், அப்பாவின் குரல் தடிமனா மெல்லிசா என்றுகூடத் தெரியாமல் கிடப்பது எவ்வளவு அற்பமான துக்கம் என்று வெளியே சொல்லவே அவனுக்கு வெட்கம். ஆனால் துக்கம் துக்கம்தான். அதை இந்த அம்மாளுக்காக விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

அவன் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அப்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. சூசைநாதன்தான் கொன்றான் என்று அவனுக்குச் சொன்னவர்கள் அத்தைகள், பக்கத்து வீட்டார், கோயில் வாசலில் நிற்பவர்கள். அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பெயரைச் சொல்லித் திட்டியதில்லை, பெயரையே உச்சரித்ததில்லை. அதை அம்மாவின் பெருந்தன்மை என்று எண்ணியிருந்தான். தான் மட்டும் யாரோ சொன்னதை மைக் வைத்து ஞாயிறுதோறும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனைக் குத்தியது.

"பேச்சுக்கு வை, ரெஹானா."

"சார், கம்பெனி உங்கள விடமாட்டாங்க."

"வை."

கூட்டத்திடம் அவனே சொன்னான். பெங்களூர்க்காரர்கள் கொதித்துவிட்டார்கள். இதற்காகவா ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்தோம், இது எவ்வளவு பெரிய இழப்பு தெரியுமா, ஷன்ட்டர்ஸ் கடைசிப் பாட்டு உங்கள் குடும்பச் சொத்தா? கறுப்பு பனியன்காரர்தான் நடுவில் புகுந்து, "விடுங்கப்பா, அவங்கப்பா பாட்டு, அவரே வேணாங்கறாரு," என்றார்.

காது சுவரில் ஒட்டிக்கொண்டது. ஓரத்திலிருந்து சுண்ணாம்பு மாவு போலத் தரையில் கொட்டத் தொடங்கியது.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு செருப்புச் சத்தம், கிளாஸ் சத்தம், ஒரு பெண் கேக்கில் முந்திரி போதவில்லை என்று சொல்வது. இன்னொருத்தி அதற்குச் சிரிப்பது. ஒரு கிழவர் யாரையோ சுவரில் சாயாதே என்று அதட்டினார். ரொம்ப நேரம் இப்படியே போனது. சாதாரணப் பேச்சு. இரண்டு வருடமாகச் சுவர் சுவராக இதையெல்லாம் தான் பொடியாக்கிப் பெருக்கித் தள்ளியதை யுஜின் அப்போதுதான் உணர்ந்தான்.

பிறகு தூரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் யாரோ தட்டுவது மாதிரி ஒரு துடிப்பு தொடங்கியது. அதன்மேல் உருவமில்லாத ஒரு முனகல். ரெஹானா அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அதுதான் பாட்டு. அப்பா பாடிக்கொண்டிருக்கிறார். வார்த்தை இல்லை, ராகம் இல்லை, வெறும் அதிர்வு. யுஜின் அந்த முனகலுக்குள் எதையாவது பிடிக்க முடியுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

அதற்கு மேலே ஒரு பெண்குரல் கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கேட்டது. "ரெஜினா, இங்க கை வையேன். அவர் பாட ஆரம்பிச்சதுலேர்ந்து உதைக்குது பாரு."

அம்மா. இருபத்திரண்டு வயது அம்மா. உதைத்தது அவன்.

பாட்டு முடிந்து கைதட்டல். மணி அடிக்கத் தொடங்கியது. சட்டென்று ஹோவென்று கூச்சல், சிரிப்பு, நாற்காலி இடிபடும் சத்தம். இருட்டிவிட்டது என்று தெரிந்தது. மேடைப் பக்கத்திலிருந்து ஓர் ஆண்குரல் கத்தியது. "மேடை மெயினத் தொடாதீங்க! எர்த் அவுந்து கெடக்கு, கட்டிட்டு இருக்கேன்! நான் சொன்ன பிறகுதான்!"

அமலோற்பவத்தின் கை யுஜினின் முழங்கையைப் பிடித்தது. பிடித்தது அவருக்கே தெரிந்திருக்காது.

கூட்டம் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தது. ஸ்விட்ச் அருகில் தோழி ரெஜினாவின் குரல், "ஸ்டெல்லா, இரு. சூசையண்ணன் என்னமோ கத்துறாரு."

"அவர் எப்பவும் கத்திக்கிட்டேதான் இருப்பாரு. லைட்டும் பாட்டும் ஒண்ணா வரணும்னு கிளைவ் சொல்லியிருக்காரு. எது ஹாலுது, எது மேடையுது? இருட்டுல தெரியல. ரெண்டையும் போட்டுடறேன்."

ஹேப்பி நியூ இயர் என்று ஊரே அலறியது. டக், டக். இரண்டு சத்தம்.

அதற்குப் பிறகு வந்ததை யுஜின் நின்றுகொண்டேதான் கேட்டான். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூடினால் பார்த்துவிடுவோம் என்று பயந்தான். அலறல், ஓடிவரும் கால்கள், மறுபடி டக் என்று அணைக்கிற சத்தம். அணைத்தவரின் மூச்சு சுவருக்கு வெகு அருகில் இரைத்தது. யாரோ டாக்டர் டாக்டர் என்று கத்தினார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் அழுகை மட்டும். அப்புறம் அந்த ஆண்குரல், இப்போது தாழ்ந்து, கிட்டத்தட்ட காதோடு.

"நீயா போட்ட?"

அம்மாவின் அழுகை கூடியது.

"ஸ்டெல்லா. இங்க பாரு. ஸ்டெல்லா! யார் கேட்டாலும் நீ ஹால் லைட்டுதான் போட்ட. மேடை மெயினப் போட்டது நான். கேக்குதா? நான்தான் போட்டேன்."

"அண்ணே, நான்தானே..."

"வாய மூடு. வயித்துல புள்ள இருக்கு. உன்ன ஸ்டேஷன், கோர்ட்டுன்னு இழுக்க விடமாட்டேன். நாளைக்கு அந்தப் புள்ள வளர்ந்து, அப்பாவக் கொன்னது அம்மாதானான்னு கேக்கக்கூடாது. அது காதுல இது விழவே கூடாது. மாதாமேல சத்தியம் பண்ணு. ரெஜினா, நீயும் பண்ணு."

இரண்டு பெண்களும் என்ன சொன்னார்கள் என்பது கேட்கவில்லை. நடுவில் இருந்த கடைசிச் சுண்ணாம்பும் உதிர்ந்துவிட்டது. செங்கல் தெரிந்தது.

வெளிச்சம் இன்னும் ஜன்னலில் இருந்தது. கூட்டத்தில் ஒருவருக்கும் ஸ்டெல்லா யாரென்று தெரியாது. யுஜின் நிறுத்தங்களில் அம்மா என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். ஆனால் கல்யாணப்பெண் யாரென்று சொல்லியிருந்தான். கொஞ்சம் யோசித்தால் புரிந்துவிடும். புரியாமல் போகவும் கூடும்.

அமலோற்பவம் அவனைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "இதக் கேக்க வைக்கத்தான் நான் வந்தேனா? உங்க காதுல விழக்கூடாதுன்னுதானே எங்கப்பா... ஐயோ தம்பி. நான் கெடுத்துட்டேனே."

அவர் உண்மை கேட்டு வந்தார். அப்பாவுக்கு நியாயமே கிடைத்தது, ஆனால் அப்பா ஆயுள் முழுக்கக் காப்பாற்றிய ஒன்றை மகளே உடைத்துவிட்டாள். அந்த அம்மாளின் அழுகையில் இரண்டும் இருந்தது. யுஜினுக்கு அவரைத் தேற்ற வேண்டும் என்று இருந்தது.

அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"ஸ்டெல்லா எங்கம்மா," என்றான். "நான் இத்தன நாள் சொன்னது தப்பு. சூசைநாதன் அலட்சியமா இருக்கல." கழற்றி வைத்திருந்த அறிவிப்புப் பலகையை எடுத்து ஓரமாகச் சாத்தினான். "அவ்வளவுதான். நடை முடிஞ்சுது."

ரெஹானா ரெக்கார்டிங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "சார், இத கம்பெனிக்கு அனுப்பணும். இல்ல அழிச்சுடவா? நீங்க சொன்னா அழிச்சுடறேன்."

சட்டென்று ஆமாம் என்று சொல்லிவிட அவனுக்கு ஆசையாக இருந்தது. அம்மாவுக்கு இனி எத்தனை வருடம் இருக்கிறது? இந்த ஊரும் கோயிலும் பக்கத்து வீடும் அவரைத் தியாகி மாதிரி வைத்திருக்கின்றன. அமலோற்பவமும் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார், அழித்துவிடு என்கிற மாதிரி.

"இரு," என்றான். "அம்மாகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன். அக்கா, நீங்களும் வாங்க."

"நானா? வேணாம் தம்பி. என்னப் பாத்தா அவங்களுக்கு..."

"வாங்கக்கா."

வீடு இரண்டு தெரு தள்ளி. அம்மா கூடத்தில் கூடை நாற்காலியில் இருந்தார். காலடியோசை கேட்டதுமே ஆரம்பித்துவிட்டார். "என்ன மேன், இவ்ளோ சீக்கிரம்? பாட்டு கேட்டியா? வாய்ஸ் நல்லா இருந்துச்சா? அன்னிக்கு அவருக்குச் சளி, தெரியுமா."

"பாட்டு போயிடுச்சும்மா."

"போயிடுச்சா?"

"பேச்ச எடுத்தோம்."

அம்மாவின் கை நாற்காலிப் பிடியில் நின்றது. அப்போதுதான் அவர் வாசலில் நின்றிருந்த அமலோற்பவத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். யார் என்று யுஜின் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சூசையண்ணன் பொண்ணா நீ?"

"ஆமா ஆன்ட்டி."

யுஜினுக்குத் தெரிந்து அம்மாவின் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் என்றார்.

"அண்ணன் நல்லா இருக்காரா?"

"போன வருஷம் போயிட்டாரு ஆன்ட்டி."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அழுவார் என்று யுஜின் அருகே போனான். அவர் அழவில்லை. மகனை விலக்கிவிட்டு, வாசலில் நின்றவரைப் பார்த்துத்தான் கேட்டார். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் அனுமதி கேட்கிற பெண் மாதிரி அவ்வளவு பயத்தோடு கேட்டார்.

"அப்ப இனிமே நான் சொல்லலாமாம்மா?"

அமலோற்பவம் சொல்லலாம் என்று தலையாட்டினார்.

அம்மா இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார்.

"யுஜின், அந்த ஜன்னலெல்லாம் திற. கதவையும் நல்லாத் திறந்து வை. அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் கேக்கணும்."